மீட்பும் மெய்ம்மையும்

1

பழைய பொருளொன்றைப் புதுப்பித்தல் நல்ல செயலா என்று கேட்டால், பெரும்பாலோர் தயக்கமின்றி ஆம் என்றே விடையளிப்பர். அழிவதைக் காப்பது நன்று. கைவிடப்பட்டதை எடுத்து மீண்டும் இயங்கச் செய்வது அதனினும் நன்று என்பது பொதுவான எண்ணம். ஆனால் எதைப் புதுப்பிக்கிறோம், எவர் பொருட்டுப் புதுப்பிக்கிறோம், புதுப்பித்து முடித்தபின் நம் முன்னே நிற்பது அந்தப் பழைய பொருள்தானா என்னும் வினாக்கள் எழும்போது அவ்வெண்ணம் எளிதில் நிலைகொள்வதில்லை. இவ்வினாக்களைக் கோயிற் சிற்பத்தையோ ஏட்டுச்சுவடியையோ முன்வைத்து ஆராய்வது நம்மிடையே வழக்கம். இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்ளும் பொருள் அவற்றினின்றும் வேறானது. இங்கிலாந்தில், வீட்டை ஒட்டிய சிறு கராஜில், மாலை வேளைகளிலும் விடுமுறை நாள்களிலும் ஒருவர் தம் சொந்தக் கைகளாற் புதுப்பிக்கும் பழைய ஸ்போர்ட்ஸ் காரே அப்பொருள்.

இதைக் கேட்டவுடன் நண்பர் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். உலகின் பெரும்பகுதி மக்கள் பஸ் வண்டிக்குக் காத்து நிற்கையில், இருவர் மட்டும் அமரக்கூடிய உல்லாசக் காரைப் பற்றிச் சிந்திப்பானேன் என்று அவர்கள் கேட்கலாம். வினா நியாயமானதே. ஆயினும் மனிதனை அவன் உழைப்பின்மூலம் அறியவேண்டும் என்பதில் நமக்கு நம்பிக்கை உண்டு. கூலிக்காக அவன் உழைக்கும்போது சமுதாயம் அவனை என்ன செய்து வைத்திருக்கிறது என்பதை அறிகிறோம். கூலியுமின்றிக் கட்டளையுமின்றி அவன் தானே விரும்பி உழைக்கும்போது, அவன் என்னவாக இருக்க ஆசைப்படுகிறான் என்பதை அறிகிறோம். இரண்டையும் ஒருங்கே வைத்து நோக்குவதற்கு இக்கராஜைப்போல வாய்ப்பான இடம் வேறு கிடைப்பது அரிது.

2

எம்.ஜி. என்னும் காரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். வில்லியம் மொறிஸ் என்பவருக்கு ஒக்ஸ்போர்ட் நகரிலே சொந்தமாயிருந்த மொறிஸ் கராஜஸ் என்ற நிலையத்தின் முதலெழுத்துகளே அப்பெயராயின. 1920-களில் அங்கு முகாமையாளராக இருந்த செசில் கிம்பர், சாதாரண மொறிஸ் கார்களின் அடிப்பாகத்தின்மேல் அழகிய உடல்களைப் பொருத்தி விற்கத் தொடங்கினார். 1929 இல் உற்பத்தி அபிங்டன் என்னும் சிறு நகருக்கு மாறியது. அங்கே 1962 முதல் 1980 வரை செய்யப்பட்ட எம்.ஜி.பி. என்ற வகை, கூரையுடையதும் திறந்ததுமாக, 5 இலட்சத்துக்கு மேற்பட்ட எண்ணிக்கையில் வெளிவந்தது. பெரும் பணக்காரரின் கார் அன்று அது. ஓரளவு வருவாயுடைய எழுதுவினைஞரும் ஆசிரியரும் கைத்தொழிலாளரும் எட்டிப் பிடிக்கக்கூடிய விலையில் விற்கப்பட்டமையாலேயே அது அத்துணை பரவிற்று. வீட்டுக் கராஜ்களில் இன்று அதிகமாகக் காணப்படும் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களுள் அதுவும் ஒன்றாயிருப்பதற்குக் காரணம் அதுவே.

இக்காருக்குத் தனியான அடிச்சட்டம் கிடையாது. மெல்லிய உருக்குத் தகடுகளை மடித்து ஒட்டிச் செய்த கூடே அதற்கு உடலும் எலும்புமாகும். கதவுகளின் கீழே இரு பக்கமும் ஓடுகின்ற பெட்டி போன்ற பகுதிகள் வண்டியின் உறுதிக்கு ஆதாரமானவை. கூரையில்லாத திறந்த காரில் அவற்றின் பொறுப்பு இன்னும் பெரிது. அப்பெட்டிகளினுள்ளே சேறும் மழைநீரும், பனிக்காலத்தில் வீதிகளில் இடப்படும் உப்பும் புகுந்து தங்குகின்றன. கறள் உள்ளிருந்தே தின்னத் தொடங்குகிறது. வெளியே பூச்சு மினுங்கிக்கொண்டிருக்கும். உள்ளே தகடு இராது.

புதுப்பிக்க முற்படுபவர் எடுத்த எடுப்பில் அத்தகட்டை வெட்டிவிட முடியாது. கதவு வாயிலின் குறுக்கே முதலில் இரும்புத் தண்டொன்றை இறுகப் பொருத்தவேண்டும். இல்லையேல் வெட்டியவுடன் கூடு நடுவில் தொய்ந்துவிடும்; பின்னர் எத்துணை வல்லவராலும் கதவை ஒழுங்காகப் பூட்டுதல் இயலாது. அடுத்து, தொழிற்சாலையில் இயந்திரம் இட்ட ஒட்டுப் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் துளைத்தெடுத்துப் பழைய தகட்டைப் பிரிக்கவேண்டும். உட்புறத் தகடு, நடுத் தகடு, வெளிப்புறத் தகடு என்ற வரிசை தவறாமற் புதியவற்றை ஒட்டவேண்டும். ஒவ்வோர் ஒட்டுக்கும் முன்னர்க் கதவைத் தொங்கவிட்டு இடைவெளி சரிதானா என்று பார்க்கவேண்டும். எஞ்சினுக்கு வந்தால், கழற்றிய ஒவ்வொரு திருகாணிக்கும் அடையாளமிட்டு வைத்தல், வால்வுகளை அவற்றின் இருக்கையில் அரைத்துப் பொருத்துதல், தேய்ந்த தாங்கிகளை மாற்றுதல் என்று வேலை விரிந்துசெல்கிறது. இரு காபரேற்றர்களும் ஒரே அளவு காற்றை உள்ளிழுக்கின்றனவா என்பதை, சிறு றப்பர்க் குழாயொன்றைக் காதில் வைத்து ஒலியால் அறிவோரும் உளர்.

இவ்வாறு ஓராண்டு செல்லும். சிலருக்குப் பத்தாண்டும் செல்லும். செலவிட்ட பணத்தையும் நேரத்தையும் கூட்டிப் பார்த்தால், முடிந்த காரின் விற்பனை விலை அதற்கு ஈடாகாமற் போவதே பெரும்பான்மை. ஆகவே இலாபநோக்கு ஒன்றினால் மட்டும் இவ்வுழைப்பை விளக்கிவிட முடியாது. குளிர் நிறைந்த கராஜில், சீமெந்துத் தரையில் மல்லாந்து கிடந்து, கண்ணில் விழும் கறள் தூளைத் துடைத்துக்கொண்டு ஒருவர் பெறும் நிறைவு எத்தகையது? இதற்கு விடை காணுமுன், அவர் எதைச் செய்துகொண்டிருக்கிறார் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வோம்.

3

தீசியஸ் என்ற வீரனின் கப்பலை ஏதென்ஸ் நகரத்தார் பாதுகாத்து வந்ததையும், உளுத்த பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிவந்தமையால் அது அதே கப்பல்தானா என்று தத்துவ வாதிகள் வழக்கிட்டதையும் புளூட்டார்க் எழுதிவைத்தார். 1655 இல் வெளிவந்த நூலொன்றில் ஆங்கிலத் தத்துவஞானி ஹொப்ஸ் அவ்வழக்கை இன்னும் சிக்கலாக்கினார். கழற்றி எறியப்பட்ட பழைய பலகைகளையெல்லாம் ஒருவர் சேகரித்து, முன்பிருந்த ஒழுங்கிலேயே பொருத்தி இன்னொரு கப்பலைச் செய்வாராயின், இரண்டில் எது தீசியஸின் கப்பல் என்பது அவர் எழுப்பிய வினா.

வகுப்பறையில் இது மூளைக்குப் பயிற்சி தரும் புதிராக முடிந்துவிடுகிறது. கராஜிலோ இது அன்றாடப் பிரச்சினை. 1988 இல், அபிங்டன் தொழிற்சாலை மூடப்பட்டு எட்டாண்டுகளின் பின்னர், பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்ற நிறுவனம் பழைய அச்சுகளைத் தேடிச் சேர்த்து எம்.ஜி.பி. காரின் முழு உடற்கூட்டையும் புதிதாகச் செய்து விற்கத் தொடங்கியது. கறள் தின்ற கூட்டை எறிந்துவிட்டு, புதிய கூட்டிலே பழைய எஞ்சினையும் கதிரைகளையும் விளக்குகளையும் பொருத்தினால், அது 1965 ஆம் ஆண்டுக் காரா, நேற்றுச் செய்த காரா? பிரித்தானிய வாகனப் பதிவுத் திணைக்களம் இத்தகைய வழக்குகளுக்குப் பல ஆண்டுகளாகப் புள்ளிக் கணக்கொன்றைக் கையாண்டது. பெரிதும் மாற்றியமைக்கப்பட்ட காரொன்று பழைய பதிவெண்ணைத் தக்கவைத்துக்கொள்ள 8 புள்ளி பெறவேண்டும். அடிச்சட்டத்துக்கோ கூட்டுக்கோ 5 புள்ளி. அச்சுக்கும் சுக்கானுக்கும் தனித்தனி 2 புள்ளி. எஞ்சினுக்கு 1 புள்ளி மட்டுமே. காரின் உயிர் என்று நாம் கருதும் எஞ்சின், சட்டத்தின் கண்ணில் மிகச் சிறிய உறுப்பாயிற்று.

இதனினும் சுவையான வழக்கொன்று 1990 இல் இலண்டன் உயர் நீதிமன்றத்தில் முடிவாயிற்று. லெ மான் பந்தயத்தில் 1929 இலும் 1930 இலும் வென்ற பென்ட்லி கார், பழைய முதலாம் இலக்கம் எனப் புகழ்பெற்றது. அதை 1 கோடி பவுணுக்கு வாங்க உடன்பட்டவர்கள் பின்னர்ப் பின்வாங்கினர். 1929 இல் இருந்த உறுப்புகளுள் மிகச் சிலவே அதில் எஞ்சியிருப்பதால் அது அந்தக் காரே அன்று என்ற வாதம் எழுந்தது. ஒரே நாளில் அழிந்து மறுநாள் புதிதாகப் பிறந்த காரன்று அது, இடையறாத வரலாறொன்றின்வழி உறுப்பு உறுப்பாக மாறிவந்த கார் என்று காட்டி, அதுவே உண்மையான முதலாம் இலக்கம் என நீதிபதி தீர்ப்பளித்தார்.

பொருள்முதல்வாதத்தில் நம்பிக்கையுடையோர் இத்தீர்ப்பை ஏற்கலாமா? ஏற்கலாம் என்பதே நமது கருத்து. பொருள் என்பது வெறும் தகடும் மரமும் என்று கொள்வது பழைய, இயந்திரப் பாங்கான பொருள்முதல்வாதம். மனிதர் செய்த பொருளில் மனித உழைப்பு உறைந்திருக்கிறது. செய்தவர், பயன்படுத்தியவர், பழுதுபார்த்தவர் ஆகியோரது செயல்களின் தொடர்ச்சியே அதன் வரலாறு. அத்தொடர்ச்சி அறாதவரை பொருளின் ஒருமையும் அறுவதில்லை. ஆனால் இதனை ஏற்றுக்கொண்டால் உடன்வரும் கடமையொன்றையும் ஏற்கவேண்டும். காரின் மெய்ம்மை அதன் வரலாற்றிலே தங்கியுள்ளதெனின், அவ்வரலாற்றின் முதற் கண்ணியாகிய தொழிலாளியை மறைத்துவிட்டு மெய்ம்மையைப் பற்றிப் பேசுவது எவ்வாறு பொருந்தும்?

சந்தை அதையே செய்கிறது. பதிவேட்டிலுள்ள எண்ணும் எஞ்சினிற் பொறித்த எண்ணும் ஒத்திருந்தால் காரின் விலை உயர்கிறது. நெடுந்தூரம் ஓடித் தேய்ந்த எஞ்சினை எடுத்து, நேர்மையான மெக்கானிக் ஒருவர் வேறொன்றைப் பொருத்தி அக்காரை இருபதாண்டு கூடுதலாக ஓடச் செய்திருந்தால் விலை குறைகிறது. உழைத்த காருக்கு உழைத்ததே குற்றமாகிறது; ஓடாமற் கிடந்த கார் கற்புடையதாகப் போற்றப்படுகிறது. பண்டத்தின் மீதான மாயப் பற்று எத்தகையது என்பதை மாணவர்க்கு விளக்க விரும்பும் ஆசிரியர் இதனினும் எளிய உதாரணத்தைத் தேடவேண்டியதில்லை.

4

அபிங்டன் தொழிற்சாலையை நோக்குவோம். உடற்கூடும் எஞ்சினும் வேறு இடங்களிலிருந்து அங்கு வந்துசேர்ந்தன. அவற்றைக் காராகப் பொருத்துவதே அங்கு நடந்த வேலை. பெரிய தொழிற்சாலைகளில் உள்ளதுபோன்ற தானே நகரும் பட்டி அங்கு இருக்கவில்லை. ஒரு நிலையத்தில் வேலை முடிந்ததும் தொழிலாளரே காரைக் கையால் அடுத்த நிலையத்துக்குத் தள்ளினர். ஆகையால் அங்கு உழைப்பு ஓரளவு மனித வேகத்தில் நடந்தது என்றும், முதலாளி–தொழிலாளி உறவு வேறிடங்களைவிடச் சீராக இருந்தது என்றும் சொல்வதுண்டு. அவ்வாறே கொள்வோம். அப்படியிருந்தும் அங்கு கதவு பூட்டிய தொழிலாளி நாள்தோறும், ஆண்டுதோறும் கதவையே பூட்டினார். காரின் முழுமை அவர் கண்முன் கடந்து சென்றதேயன்றி அவர் கையில் இருந்ததில்லை. எத்தனை கார் செய்வது, எப்போது நிறுத்துவது என்பவற்றுள் எதையும் அவர் தீர்மானிக்கவில்லை.

கராஜில் இருப்பவரும் அதே கதவைத்தான் பூட்டுகிறார். அதே திருகாணி, அதே சாவி, அதே முதுகுநோவு. ஆனால் ஒருவருக்குச் சுமையாயிருந்தது மற்றவருக்கு மகிழ்ச்சியாயிருக்கிறது. செயலில் வேறுபாடில்லை என்றால் வேறுபாடு எங்கே உள்ளது? 1844 இல் இளம் மார்க்ஸ் எழுதிய கையெழுத்துப் படிகள் இதற்கு விடை தருகின்றன. தன் உழைப்பின் விளைவு தனக்கு அந்நியமாகும்போது, உழைக்கும் செயலே தனக்கு அந்நியமாகும்போது, மனிதன் வேலையில் தன்னை இழக்கிறான். வேலைக்கு வெளியிலேயே தன்னைக் காண்கிறான். கராஜில் விளைவும் செயலும் திட்டமும் வேகமும் செய்பவருக்கே சொந்தம். தகட்டை வெட்டுவதற்குமுன் முழுக் காரையும் அவர் மனத்திற் காண்கிறார். பிழை நேர்ந்தால் அவிழ்த்து மீண்டும் செய்கிறார். அவரை நேரம் பார்த்து அதட்டுவார் இல்லை.

மனிதன் இயல்பாகவே சோம்பேறி, வறுமையின் சவுக்கு இல்லையேல் அவன் வேலை செய்யமாட்டான் என்று கூறுவோர் எக்காலத்திலும் உண்டு. அவர்களுக்குக் கராஜ் தக்க மறுமொழி. வாரம் முழுதும் அலுவலகத்திலோ ஆலையிலோ களைத்து வந்தவர், சனிக்கிழமை ஊதியமேயின்றி அதனினும் கடினமான வேலையை விரும்பிச் செய்கிறார். மனிதன் வெறுப்பது உழைப்பையன்று, பிறருக்குரியதாகிவிட்ட உழைப்பையே. இந்த உண்மைக்குச் சான்றாக அமைவதால் அக்கராஜை நாம் ஏளனம் செய்வதற்கில்லை.

ஆயினும் சான்று விடுதலை ஆகிவிடாது. 1979 செப்டெம்பரில், அபிங்டனில் எம்.ஜி. குடிவந்த ஐம்பதாம் ஆண்டை ஊர் கொண்டாடிய சில நாள்களுக்குள், தொழிற்சாலை மூடப்படும் என்று பிரிட்டிஷ் லேலண்ட் நிறுவனம் அறிவித்தது. அப்போது கார் உரிமையாளர் சங்கத்தினர் தத்தம் கார்களுடன் இலண்டனில் ஊர்வலம் நடத்தி எதிர்ப்புத் தெரிவித்தனர். அந்த ஒரு வேளையிலேனும் காரை நேசித்தோரும் காரைச் செய்தோரும் ஒரே பக்கத்தில் நின்றனர். அது போதவில்லை, 1980 ஒக்டோபரில் வாயில் மூடப்பட்டது. அதன்பின் இருசாராரின் வழியும் பிரிந்தது. கார் நினைவுச்சின்னமாயிற்று, தொழிலாளி வேறு வேலை தேடிச் சென்றார்.

இன்று கேய்டன் என்னுமிடத்திலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் நூதனசாலை, பழைய உற்பத்திப் பதிவேடுகளைப் பார்த்து உரிமையாளருக்குச் சான்றிதழ் வழங்குகிறது. கார் எந்நாளிற் செய்யப்பட்டது, என்ன நிறம் பூசப்பட்டது, எஞ்சினின் எண் யாது, எங்கு அனுப்பப்பட்டது என்பன அதில் இருக்கும். செய்த கைகள் எவருடையவை என்பது இராது. பதிவேட்டை எழுதியோர் அதைக் குறித்துவைக்கத் தகுந்த செய்தியாக எண்ணவில்லை. மெய்ம்மைக்குச் சான்று கூறும் தாளிலேயே மெய்ம்மையின் முதற் பாதி விடுபட்டிருக்கிறது.

5

மீட்பு பற்றி ஆழ்ந்து சிந்தித்தவர்களுள் ஒருவர் இன்னொரு வில்லியம் மொறிஸ். கவிஞராகவும் கைவினைஞராகவும் விளங்கி, 1880-களில் சோஷலிச இயக்கத்திற் சேர்ந்து தெருமுனைகளிற் பேசிய அவர், 1896 இல் மறைந்து, தேம்ஸ் நதியின் மேற்பகுதியிலுள்ள கெல்ம்ஸ்கொட் கிராமத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அதே நதியின் கரையில், கீழ்த்திசையில், அபிங்டன் இருக்கிறது. 1877 இல் பழங்கட்டடங்களைப் பாதுகாக்கும் சங்கத்தை அவர் தோற்றுவித்தார். மோட்டார் முதலாளியாகிய வில்லியம் மொறிஸ் பிறந்த ஆண்டும் 1877 தான். சைக்கிள் திருத்துபவராகத் தொடங்கி நபீல்ட் பிரபுவாக உயர்ந்த அவர், தொழிற்சங்கங்களை விரும்பியவரல்லர். மொறிஸ் கார்களுக்கு உடற்கூடு செய்த பிரெஸ்ட் ஸ்ரீல் ஆலையில், 1934 இல் நடந்த வேலைநிறுத்தத்தின் பின்னரே தொழிற்சங்கம் காலூன்றியது. ஒரே பெயர், ஒரே வட்டாரம். உழைப்பைப் பற்றிய நோக்கோ வடதுருவமும் தென்துருவமும்.

சோஷலிஸ்டான மொறிஸ் புதுப்பித்தலை எதிர்த்தார் என்பது கருதத்தக்கது. அக்காலத்தில் தேவாலயங்களைப் புதுப்பித்தோர், பிற்காலத்தார் சேர்த்தவற்றையெல்லாம் சுரண்டி எறிந்துவிட்டு, தாம் கற்பனை செய்த பொற்காலத் தோற்றத்தைக் கட்டி எழுப்பினர். அது மீட்பன்று, பொய் என்பது அவர் துணிபு. அன்றாடம் கவனித்துப் பழுதுபார். பழுதுபார்த்த இடம் தெரிந்தால் தெரியட்டும். இறந்தகாலத்தின் வேலையை நீ செய்ததுபோலவோ உன் வேலையை இறந்தகாலத்தது போலவோ காட்டாதே என்பது அவர் சங்கத்தின் நெறியின் சாரம்.

தமிழ் கற்றோர்க்கு இந்நெறி புதியதன்று. ஏட்டில் செல்லரித்த இடத்தைப் புள்ளியிட்டுக் காட்டும் பதிப்பாசிரியரை நாம் மதிக்கிறோம். அவ்விடத்திலே தாமே இயற்றிய அடியைப் புகுத்திப் பழம்புலவர் பெயரால் வெளியிடுபவர், எத்துணை அழகாக இயற்றியிருப்பினும், ஏமாற்றுக்காரரே.

எம்.ஜி.பி. காரிலும் இத்தகைய செல்லரித்த இடமொன்று உண்டு. அமெரிக்கப் பாதுகாப்பு விதிகளுக்கு அமைய 1974 இன் பிற்பகுதியிலிருந்து அதன் முன்னும் பின்னும் கரிய, பருத்த மோதுதாங்கிகள் பொருத்தப்பட்டன. கார் தரையிலிருந்து சற்று உயர்த்தப்பட்டது. அழகு கெட்டது என்று பலர் வருந்தினர். பிற்காலக் கார்களை வாங்கிப் புதுப்பிப்போர் பலர், அவற்றைக் கழற்றிவிட்டு 1960-களின் பளபளக்கும் குரோமியத் தாங்கிகளைப் பொருத்துகின்றனர். தம் காரைத் தம் விருப்பப்படி மாற்ற அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அது எந்தக் காலத்தின் மீட்பு? அந்தக் கார் ஒருபோதும் வாழ்ந்திராத இளமையை அதற்குக் கொடுத்துவிட்டு, அதையே அதன் வரலாறு என்று சொல்கிறோம். கார் விடயத்தில் இது சிறு குற்றம். ஒரு நாட்டின், ஓர் இனத்தின் இறந்தகாலத்தை இவ்வாறு குரோமியம் பூசி மீட்க முற்படும்போது அது சிறு குற்றமாக நின்றுவிடுவதில்லை.

6

இனி, கராஜிலே கிடைக்கும் அச்சுதந்திரம் எவருடைய செலவிற் கிடைக்கிறது என்றும் கேட்கவேண்டும். கராஜ் உள்ள வீடு வேண்டும், கருவிகள் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக நேரம் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை முழுதும் ஒருவர் காரின் கீழே கிடக்கும்போது, சமையலையும் சலவையையும் பிள்ளைகளையும் பார்ப்பவர் ஒருவர் வீட்டினுள்ளே இருப்பது பெரும்பாலும் வழக்கம். அவரும் பழுதுபார்க்கிறார். கிழிந்த சட்டையைத் தைக்கிறார். ஒழுகும் பாத்திரத்தை மாற்றுகிறார். நாள்தோறும் குலையும் வீட்டை நாள்தோறும் மீட்கிறார். கறள் பிடித்த கதவை ஒட்டினால் கைத்திறன் என்கிறோம். கிழிந்த சட்டையைத் தைத்தால் வீட்டுவேலை என்கிறோம். பழுதுபார்த்தல் உயர்ந்ததெனின், அவ்வுயர்வு இரண்டுக்கும் ஒத்ததாதல் வேண்டும்.

வேறொரு வேறுபாடும் உண்டு. அது நம் நாட்டுத் தெருக்களில் தெளிவாகத் தெரிந்தது. எம்.ஜி.பி. காரின் 1798 கன சென்ரிமீற்றர் எஞ்சின், பி வரிசை எனப்படும் குடும்பத்தைச் சேர்ந்தது. அக்குடும்பத்தின் சற்றுச் சிறிய எஞ்சின்களே ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போர்ட் கார்களிலும், 2014 வரை இந்தியாவிற் செய்யப்பட்ட அம்பாசிடர் காரிலும் நெடுங்காலம் இருந்தன. உல்லாசக் காரும் வாடகைக் காரும் இரத்த உறவினர் என்பது பலர் அறியாத செய்தி. யாழ்ப்பாணத்தில் 1950-களின் ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் அரை நூற்றாண்டுக்கு மேலாக வாடகைக்கு ஓடின. 1990-களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் பெற்றோல் கிடையாதபோது, சிறிது பெற்றோலால் எஞ்சினை இயக்கிப் பின் மண்ணெண்ணெயில் ஓட்டினர். கிடைக்காத உதிரிப்பாகத்தைப் பட்டறையிலே கடைந்தெடுத்தனர். பொருந்தாததைப் பொருந்தச் செய்தனர்.

அக்கார்களில் எண் ஒத்திருந்ததா, பூச்சு பழைய நிறமா என்று கேட்டவர் எவருமில்லை. நோயாளியை வைத்தியசாலையிற் சேர்த்ததா என்பதே கேள்வி. அங்கு பழுதுபார்த்தவரின் திறமை ஆங்கில நாட்டுக் கராஜில் உள்ளவரின் திறமைக்கு எவ்விதத்திலும் குறைந்ததன்று. கருவிகளின் குறைவை நோக்க, மிகுந்தது என்றே சொல்லவேண்டும். ஆனால் அதனைச் சுதந்திரத்தின் உழைப்பு என்று போற்றிப் பாடுதல் நேர்மையாகாது. தேவையின் நெருக்கடியிற் பிறந்த திறமை அது; அந்நெருக்கடி இல்லாதிருந்திருந்தால் எத்துணை நன்றாயிருந்திருக்கும் என்றே அம்மெக்கானிக்குகள் சொல்லியிருப்பர். வறுமையின் கைத்திறனை அழகாக்கிக் காட்டும் பழக்கம், பழைய காருக்குக் குரோமியம் பூசும் பழக்கத்துக்கு உடன்பிறந்தது.

ஆகவே ஒருபுறம் தேவையற்ற சுதந்திரம், மறுபுறம் சுதந்திரமற்ற தேவை. கராஜில் உழைப்பு இனிக்கிறது. ஆனால் அதன் பயன் ஒருவரின் ஞாயிறு மாலைச் சவாரியோடு முடிகிறது. பட்டறையில் உழைப்பின் பயன் ஊருக்கே செல்கிறது. ஆனால் உழைப்பவர் நிமிர்ந்து மூச்சுவிட நேரமில்லை. இவ்விரண்டும் ஒன்றாகச் சேரும் வேலையே மனிதனுக்குத் தகுந்த வேலை.

7

எவ்வாறு மீட்பது என்ற வினாவுக்குக் கராஜே ஓரளவு வழி காட்டுகிறது. மிகக் கண்டிப்பான புதுப்பிப்பாளர்கூட எல்லாவற்றையும் மீட்பதில்லை. அக்காலப் பிரேக்கிலும் கிளச்சிலும் அஸ்பெஸ்ரஸ் இருந்தது. அதன் தூள் நுரையீரலை அழிப்பது தெரிந்தபின், 1999 இல் பிரித்தானியா அதை முற்றாகத் தடைசெய்தது. அக்காலப் பெற்றோலில் ஈயம் இருந்தது. குழந்தைகளின் மூளையை அது கெடுப்பது உறுதியானபின், அதன் பொது விற்பனை நிறுத்தப்பட்டது. ஈயமில்லாத பெற்றோலுக்கு ஏற்ப வால்வு இருக்கைகளைக் கடின உலோகத்தால் மாற்றிக்கொள்கின்றனர். அஸ்பெஸ்ரஸ் இல்லையேல் கார் மெய்யானதன்று என்று வாதிடுபவர் எவருமிலர். மனித உயிருக்குக் கேடானதை விட்டுவிட்டு, நல்லதைக் காப்பதே மீட்பு என்பதில் இங்கு கருத்து வேறுபாடு இல்லை.

இவ்வளவுகோலை ஏன் பிரேக்குத் தகட்டோடு நிறுத்திக்கொள்ளவேண்டும்? மரபு எதுவாயினும், அதனை மீட்க முன்வருவோரிடம் நாம் கேட்கவேண்டியவை மூன்று. நீங்கள் செய்த பழுதுபார்ப்பை வெளிப்படையாகக் காட்டுகிறீர்களா, அல்லது பழைமை போலப் பூசி மறைக்கிறீர்களா? முதலிற் செய்தவர்களின் உழைப்பை வரலாற்றிற் சேர்க்கிறீர்களா, அல்லது பொருளை மட்டும் வணங்குகிறீர்களா? அக்காலத்தின் அழகோடு அக்காலத்தின் நஞ்சையும் சேர்த்து மீட்கிறீர்களா? இம்மூன்றுக்கும் நேர்மையான விடை கூறக்கூடியவர் காரை மீட்டாலும் கவிதையை மீட்டாலும் நமக்கு உறவினரே.

கராஜிலிருக்கும் அந்த மனிதரை நாம் பகைவராகக் கொள்ளவேண்டியதில்லை. தன் கையால் ஒன்றை முழுமையாகச் செய்து முடிப்பதன் சுவையை அவர் அறிந்திருக்கிறார். அச்சுவையை அறிந்தவர் அது மற்றவர்க்கு மறுக்கப்படுவதன் கொடுமையையும் அறியக்கூடியவர். கதவு இடைவெளியின்றிப் பூட்டிக்கொள்ளும் ஒலியைக் கேட்டு அவர் மகிழும்போது, அதே கதவை ஆண்டுக்கணக்கில் பூட்டியும் அம்மகிழ்ச்சியை அறியாதிருந்த தொழிலாளியை அவர் நினைப்பாராயின், அவருடைய ஓய்வுநேர வேலை ஓய்வுநேரத்தோடு நின்றுவிடாது. சனிக்கிழமை மாலையில் ஒருவருக்கு உரியதாயிருக்கும் உழைப்பின் இன்பம், திங்கட்கிழமை காலையில் எல்லோருக்கும் ஏன் உரியதாகக்கூடாது என்ற வினா அப்பொழுது எழும். அவ்வினாவை எழுப்புவதும், எழுப்பிய பின் அதை விட்டுவிடாதிருப்பதும் நம்மைப் போன்றோரின் பணியாகும்.